கதவுத் தூண்

கேக்கைத் தொடவே ஃபோல்க்மாருக்குக் கை வரவில்லை. முதுகுப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்த பிளம் கேக்கை ஸ்வென்யாவே வெட்டி அவர் முன்னால் வைத்திருந்தாள். அவளுடைய ஊன்றுகோல்கள் மேஜையோரம் சாய்ந்து நின்றன. இடது கால் முழங்காலோடு முடிந்துவிட்டது.

"சாப்பிடுங்க மாமா, விஷம் வைக்கல. உங்க கம்பெனி கார்ல ரெண்டு கதவுக்கும் நடுவுல நிக்கிற அந்தத் தூண் இல்லேன்னா விபத்தன்னைக்கே நான் போயிருப்பேன்னு டாக்டர் சொன்னார். அதுக்குத்தான் இந்தக் கேக்."

அவர் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நன்றியாம்! செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

தொழிற்சாலையில் காரின் கூடு பற்றவைக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு சீருடை உண்டு. போன வசந்தத்தில் படையின் பொதுக்கூட்டம் நடந்தபோது, கோடைத் திருவிழாவுக்குப் புதுக் கூடாரமா, இல்லை நசுங்கிய காரை வெட்டும் புது ஹைட்ராலிக் கத்தரியா என்று கேள்வி வந்தது. பீர்க் கோப்பையும் கையுமாக எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஏய், தினமும் இந்தத் தகட்டோடதான் குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா? பழைய கத்தரியே போதும்ப்பா. கூடாரம்தான் ஒழுகுது," என்றார். கைகள் மளமளவென்று உயர்ந்தன.

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தொழிற்சாலையில் பற்றவைக்கும் லேசருக்கு முன்னால் எல்லாத் தகடும் ஒன்றுதான். சாதாரண இரும்பானாலும் சரி, கதவுத் தூணுக்குப் போடும் கடுமையான எஃகானாலும் சரி, ஒளி பட்ட இடத்தில் பாகாக உருகி ஒட்டிக்கொள்ளும். இருபது வருஷம் அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவருக்கு, உறுதி என்பது காகிதத்தில் எழுதிய ஒரு எண். அந்த உறுதியைக் கையால் அறிய அவருக்கு வாய்ப்பே வரவில்லை.

ஸ்வென்யாவின் கார் இலையுதிர் மழையில் வழுக்கிப் பக்கவாட்டில் மரத்தில் மோதிய அன்றுதான் அறிந்தார். தூண் அவள் தலையையும் நெஞ்சையும் காத்திருந்தது. கால் மட்டும் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. தூணை வெட்டினால்தான் கதவைப் பெயர்க்க முடியும். பழைய கத்தரி தூணைக் கடித்தது, வழுக்கியது, மறுபடி கடித்தது, கடைசியில் அதன் பல்தான் உடைந்தது. நகரத்துப் படை புதுக் கத்தரியோடு வந்து சேர்வதற்குள் காலில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது.

"ஸ்வென்யா..." அவர் தட்டைச் சற்றே தள்ளிவைத்தார். "அந்தக் கத்தரி வேண்டாம்னு சொன்னது நான்தாம்மா. வாங்கியிருந்தா உன் கால் தப்பிச்சிருக்கும். என்னைப் போய்க் கும்பிடாதே."

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்தக் கூட்டத்துல கூடாரத்துக்கு முதல்ல கை தூக்கினதே எங்கப்பாதானே. ஆஸ்பத்திரில அழுதுட்டே சொன்னார்." அவள் கேக்கின் ஓரத்தை முள்கரண்டியால் நசுக்கினாள். "அதோட சரி. அப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கிறதே இல்ல. சாப்பிடும்போதும் தட்டைத்தான் பார்க்கிறார். நீங்க என்னைத் தெருவுல கண்டா எதிர்ப்பக்கம் போயிடுறீங்க. படைக்காரங்க அத்தனை பேரும் அப்படித்தான். ஆறுதல் தேடி நான் யார் வீட்டுக்குப் போறது? அதான் கேக்கைச் சாக்கு வெச்சு வந்தேன்."

அவர் தட்டின் விளிம்பை விரலால் தடவினார்.

"போனது ஒரு கால் மாமா. அதுக்கு ஏன் ஊரையே இழக்கணும் நான்?"

ஃபோல்க்மார் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிள்ளை எவ்வளவோ இளைத்துப்போயிருந்தாள்.