சத்தம் போதாத பிளேன்

கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள். அது ஊர் வழக்கம். கொம்பியூட்டருக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே கரவெட்டிச் சீவரத்தினம் மாஸ்ரர் ஒருவர்தான். எண்பத்தாறாம் ஆண்டு அது. ஆகாயத்தில் ஓர் இரைச்சல் கேட்டால், குண்டு போட வருகிற பொம்பர் என்று, அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து ஓடச் சனம் பழகியிருந்த காலம். அந்த நேரம் பார்த்து, பதினாறு வருடம் கணக்குப் படிப்பித்த வேலையை உதறிவிட்டு, நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, 'கொம்பியூட்டர் வகுப்பு' என்று பலகை எழுதிப் போட்டார் மனிதர். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

வகுப்புக்கு மெசின் வேண்டுமே. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடையில் மூன்று மெசின்கள் இருந்தன. மூன்றும் 'கொம்பற்றிபிள்' என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். அசல் மெசினில் ஓடுவதெல்லாம் இதிலும் ஓடும், பொருத்தமான மெசின் என்று அதற்கு அர்த்தமாம். ஆனால் சிங்கப்பூரில் இருந்த சிநேகிதன் பரமலிங்கம் முன்கூட்டியே எச்சரித்து, கடிதத்தோடு ஒரு பிளொப்பித் தட்டும் அனுப்பியிருந்தான். 'கடைக்காரன் சொல்லுற பொருத்தத்தை நம்பாதை. இதுக்குள்ளை ஒரு பிளேன் ஓட்டுற விளையாட்டு இருக்கு. சரியான மெசின் இல்லாட்டி இது மூச்சும் விடாது. பிளேன் எழும்பினால் மெசினை எடு. எழும்பாட்டி கடையை விட்டு எழும்பு.'

மாஸ்ரர் அந்தத் தட்டை ஒரு தடித்த கொப்பிக்குள் வைத்துக்கொண்டு நான்கு தரம் பட்டினத்துக்கு பஸ் ஏறினார். முதல் மெசின் பார்வைக்கு நல்ல லட்சணம். தட்டைப் போட்டதும் ஒரு கோட்டைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவதில் பிளேன் எழும்பியது, ஆனால் வேகம் போதாமல் நொண்டி நொண்டிப் பறந்தது. மூன்றாவது மெசின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த அவலட்சணம். அதில்தான் பிளேன் எழும்பி, சாய்ந்து, திரும்பி, கட்டடங்களுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போனது. மாஸ்ரர் கடையிலேயே கை தட்டிவிட்டார். அந்த மெசினுக்கு மெமரியை உச்சம் வரைக்கும் கூட்டச் சொன்னார். பச்சை எழுத்துத் திரையைத் தள்ளிவிட்டுக் கலர்த் திரை எடுத்தார். பிளேனை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு தடி காட்டினார்கள். பிள்ளைகளுக்கு விசைப்பலகைதான் பழக வேண்டும், தடி வேண்டாம் என்றார்.

"என்னைக் கட்டேக்கை கூட நீங்கள் இவ்வளவு பொருத்தம் பாக்கேல்லை," என்றாள் மனைவி அருந்ததி.

"உமக்குச் சாத்திரியார் பாத்தவர். உதுக்கு நான்தானே பாக்கவேணும்," என்றார் மாஸ்ரர்.

திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்னமே மெசின் வந்துவிட்டது. பிள்ளைகளின் பெயர்தான் வரவில்லை. தாய் தகப்பன்மார் யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். கரண்ட் அடிக்குமோ, கண் பழுதாகுமோ என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, "பேந்து வாறம் மாஸ்ரர்," என்று போய்விடுவார்கள். பதிவுக் கொப்பியில் இருந்தது ஒரே ஒரு பெயர், அதுவும் அவருடைய சொந்த மருமகள், தங்கச்சியின் மகள். வேலையை விட்டாயிற்று. திறப்பு விழா அன்று சனம் பெயர் பதியாவிட்டால் பலகையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், சந்தைக்கும் தெரியும்.

அதனால்தான் விழாவில் பிளேனைப் பறக்கவிட்டுக் காட்டுவது என்று முடிவெடுத்தார். எழும்புகிற பாடு பெரும்பாடு என்பதால், தட்டைப் போட்டதும் பிளேன் நடு ஆகாயத்தில் இருந்தே தொடங்கும்படி அமைத்துவைத்தார். கை வைக்காமல் விட்டால் நாலு நிமிடத்தில் மூக்குக் குத்தி விழும். விழுந்ததும் தட்டு கிறுகிறுத்து, ஓர் அரை நிமிடத்தில் திரும்பவும் ஆகாயத்துக்கே வந்துவிடும். அந்த ஒரு மாதத்தில் நூறு தரமாவது மாஸ்ரர் விழுந்திருப்பார்.

குறை ஒன்றே ஒன்று: சத்தம். மெசினுக்குள் இருந்த ஸ்பீக்கர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் எஞ்சின் இரைவது நுளம்பு காதுக்குள் பாடுகிற மாதிரி இருந்தது. "பிளேன் வடிவாத்தான் கிடக்கு மாமா. ஆனா ஊமைப் பிளேன்," என்று மருமகள் சொன்னதும் மாஸ்ரருக்குச் சுருக்கென்றது. பத்துப் பொருத்தமும் பார்த்து, குரலைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே!

குருநகரில் தேவராசா என்று ஒருவர் இருந்தார். மாதா கோவில் பெருநாள், பிள்ளையார் கோவில் திருவிழா என்று பேதம் பாராமல் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர். மாஸ்ரர் போய் அவரைப் பிடித்தார்.

"இந்தச் சின்ன ஸ்பீக்கரிலை இருந்து ஒரு வயரை இழுத்து என்ரை அம்பிளிபயருக்குக் குடுத்தால், மாஸ்ரர், பருத்தித்துறைக்குக் கேக்கும்!" என்றார் தேவராசா.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றாள் அருந்ததி. அவள் சொல்லை யார் கேட்டது?

விழா நாள் வந்தது. காலை பத்து மணி. சந்தையில் நல்ல சனம். தேவராசா முற்றத்துப் பனையில் இரும்புப் புனலைக் கட்டி, ஒரு முருகன் பாட்டைப் போட்டுச் சோதித்தார். கணீரென்று கேட்டது. சனம் சந்தையை விட்டுவிட்டு முற்றத்துக்கு வரத் தொடங்கியது. பிளேன் சத்தத்தையும் ஒருக்கால் போட்டுப் பார்த்திருக்கலாம்தானே? ஒருவருக்கும் அந்தப் புத்தி வரவில்லை. விசையைத் தட்டினால் பிளேன் பறக்கிற நிலையில் மாஸ்ரர் மெசினை வைத்துவிட்டு, எந்த விசையைத் தட்டுவது என்று தேவராசாவுக்குக் காட்டினார்.

"தலைவர் வாசல் படலைக்குள்ளை கால் வைச்சவுடனை தட்டுங்கோ. சத்தத்தை முழுக்கத் திறவுங்கோ. சனம் அப்பிடியே அசந்து போகவேணும்!"

ஓய்வுபெற்ற தபாலதிபர் நாகலிங்கம்தான் விழாத் தலைவர். மாஸ்ரர் கையில் மல்லிகை மாலையோடு படலையில் நின்றார். முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அத்தனை பேரையும் எண்ணிப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதில் அரைவாசிப் பேர் பெயர் பதிந்தாலே காணுமே! தலைவர் குடையை மடக்கிக்கொண்டு படலைக்குள் கால் வைத்தார். மாஸ்ரர் மாலையை உயர்த்தினார்.

அப்போதுதான் அந்த இரைச்சல் வந்தது.

தலைக்கு மேலிருந்து, கனத்து, தடித்து, பல்லைக் கூச வைத்துக்கொண்டு வந்தது. சிறிய ஸ்பீக்கரின் நுளம்பு, தேவராசாவின் அம்பிளிபயருக்குள் புகுந்து வேறு பிறவி எடுத்திருந்தது. ஒரு கணம் முற்றம் முழுவதும் அசையாமல் நின்றது. மறுகணம் யாரோ, "ஐயோ, பொம்பர்!" என்று கத்தினார்கள்.

கடவுளே, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று சனம் சிதறியது. கதிரைகள் விழுந்தன. குத்துவிளக்கு விழுந்தது. சந்தைப் பக்கமிருந்தும் கூக்குரல் கிளம்பியது. தக்காளிக் கூடை ஒன்று கவிழ்ந்து, அதை மிதித்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். தபாலதிபரின் கையிலிருந்த குடை எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. கட்டடத்துக்குப் பின்னால், படிக்க வரப்போகும் பிள்ளைகள் குண்டுக்குப் பதுங்குவதற்கென்று மாஸ்ரரே ஆள் பிடித்து வெட்டுவித்த பங்கர் ஒன்று இருந்தது. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டது. முப்பது பேர் அதற்குள் விழுந்தடித்து இறங்கினார்கள்.

உள்ளே கும்மிருட்டு. ஒரே வியர்வை நாற்றம். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தேவராசா உள்ளேயிருந்து சனம் ஓடுவதைக் கண்டு, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு யன்னலால் பாய்ந்து வந்திருந்தார். "அருள் நிறைந்த மரியாயே... அருள் நிறைந்த மரியாயே..." என்று அதற்கு மேல் செபம் வராமல் திக்கினார். மரக்கறி விற்கிற ஞானாம்பிகை தராசுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். இரைச்சல் மேலே நின்றபடியே நின்றது. பிறகு கீச்சிட்டுக் கீழே வந்தது. 'டமார்' என்று ஒரு சத்தம். அதோடு எல்லாம் அடங்கிவிட்டது.

"போட்டிட்டான்! சந்தைக்குத்தான் போட்டிட்டான்!"

"அருந்ததி!" என்று கத்தினார் ஒருவர். கத்தியது சீவரத்தினம் மாஸ்ரர். ஆம், அவரும் அங்கேதான் இருந்தார். தலைவருக்குப் போட வேண்டிய மாலை அவருடைய கையிலேயே கசங்கிக் கிடந்தது. பெண்சாதியைத் தேடாமல் ஓடி வந்துவிட்டோமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்து அவரைக் கொன்றது.

"இஞ்சை இருக்கிறன்," என்றது மூலையில் ஒரு குரல். "உங்களுக்கு முன்னாலைதான் ஓடி வந்தனான்."

"திரும்பி வாறான்! குனியுங்கோ!"

இரைச்சல் திரும்பவும் வந்தது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் கவிழ்ந்தார்கள். மாஸ்ரர் காதைப் பொத்திக்கொண்டு, முருகா முருகா என்று மூச்சுவிடாமல் முணுமுணுத்தார். நேரம் போனது. இரைச்சல் கிட்ட வரவுமில்லை, தூரப் போகவுமில்லை. பிறகு கீச்சிட்டது. 'டமார்'. அடங்கியது. அரை நிமிடம் கழித்துத் திரும்பவும் தொடங்கியது.

மூன்றாம் தரம் அது தொடங்கியபோது மாஸ்ரர் காதிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கீச்சு, அந்த விழுகை, அந்த அரை நிமிடம்! ஒரு மாதமாக, காலையும் மாலையும், நூறு தரம் கேட்டதல்லவா? சொல்வதா விடுவதா என்று தவித்தபடியே மூன்று நிமிடத்துக்கு மேல் போக்கினார். வாயைத் திறந்தால் வகுப்பு முடிந்தது. இனி நெல்லியடியில் ஒரு தாயும் பிள்ளையை அவரிடம் அனுப்பமாட்டாள். பேசாமல் இருந்தால், எதிரே அந்தக் குழந்தை மூச்சுத் திணறி அழுதுகொண்டிருந்தது. தபாலதிபர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ," என்றார் மாஸ்ரர். "உது பொம்பர் இல்லை. என்ரை பிளேன்."

"மாஸ்ரருக்கு விசராக்கிப் போட்டுது," என்றார் யாரோ.

"இல்லை. கொம்பியூட்டர். பனையிலை கட்டின ஸ்பீக்கரிலை கேக்குது. இப்ப கீச்சிடும், பாருங்கோ. இப்ப விழும்."

கீச்சிட்டது. விழுந்தது. முப்பது பேரும் இருட்டுக்குள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவராசா, "என்ரை மாதாவே, நீங்கள் சொல்லித்தானே சத்தத்தை முழுக்கத் திறந்தனான்," என்று தலையில் கையை வைத்தார். அடி விழும், குறைந்தது தூஷணமாவது விழும் என்று மாஸ்ரர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அடி விழவில்லை. ஞானாம்பிகைதான் முதலில் வாய் திறந்தாள். அவள் கோபப்படவில்லை, விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள விரும்பியவளாகத்தான் கேட்டாள்.

"மெசின் உங்கடை. ஸ்பீக்கர் கட்டுவிச்சதும் நீங்கள். சத்தத்தைத் திற எண்டு சொன்னதும் நீங்கள். அப்ப ஏன் மாஸ்ரர் நீங்கள் ஓடி வந்தனீங்கள்?"

மாஸ்ரர் கசங்கிய மாலையைப் பிய்த்துப் பிய்த்து மண்ணில் போட்டார். ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரியாது. தெரியாது என்பதுதான் அவரை உலுக்கியது.

அரை நிமிடம் முடிந்து, பனையிலிருந்து இரைச்சல் நாலாம் தரமும் தொடங்கியது. அது கொம்பியூட்டர் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முப்பது தலைகளும் ஒரேயடியாகக் குனிந்தன. கேள்வி கேட்ட ஞானாம்பிகை தராசுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால் குனிந்தது சீவரத்தினம் மாஸ்ரர்தான். போய் அதை நிற்பாட்டுவதற்கு ஒருவரும் எழும்பவில்லை.