பெயர் எழுத வேண்டாம்

பள்ளியின் மருத்துவ அறையில் செவிலியராக இருந்தவரைப் பிள்ளைகள் பஞ்சு சார் என்று அழைத்தார்கள். முட்டியில் அடிபட்டுப் போனாலும் பஞ்சு, வயிற்றுவலி என்று போனாலும் பஞ்சு, கணக்குத் தேர்வன்று காய்ச்சல் என்று போனால் இரண்டு பஞ்சு. அவருடைய மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தாள். அவளைக் குட்டிப் பஞ்சு என்றார்கள். அப்பா வழிச் சொத்து வராமல் போகலாம். பட்டப்பெயர் வராமல் போகாது.

அந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு உடல்நலக் கணக்கெடுப்பு வந்தது. தூக்கம், பல், சாப்பாடு, கவலை என்று அறுபத்திரண்டு கேள்விகள். தாள்களை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்த பஞ்சு சார், யாரும் பெயர் எழுத வேண்டாம், எது யாருடைய தாள் என்று தனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன், ஆகவே உண்மையை எழுதுங்கள் என்றார். பெயரில்லாமல் உண்மை பேச வாய்ப்பு கிடைப்பது அந்தப் பள்ளியில் கழிவறைச் சுவரைத் தவிர வேறெங்கும் இல்லாததால், எல்லோரும் ஆர்வமாகக் குனிந்தார்கள்.

குட்டிப் பஞ்சுவுக்குப் பன்னிரண்டாம் கேள்வியில் பேனா நின்றது. 'வீட்டிலிருந்து கொண்டுவரும் மதிய உணவை வாரத்தில் எத்தனை நாள் சாப்பிடுகிறாய்?'

ஐந்து மாதத்துக்கு முன் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, சமையலறை அப்பாவின் ஆளுகைக்கு வந்திருந்தது. அவர் சமையலையும் மருத்துவமாகத்தான் செய்தார். காய்கறியைக் கிருமி சாகும்வரை வேகவைத்து, சுவையும் செத்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டபின் இறக்கினார். உப்பை மருந்துப் புட்டியின் மூடியில் அளந்தார். அளந்தபின், எதற்கு வம்பு என்று பாதியைத் திரும்பக் கொட்டினார். அதைத் தானும் ரசித்துச் சாப்பிட்டார் என்பதுதான் கொடுமை. விடியுமுன் எழுந்து டப்பாவில் அடைத்துக் கொடுப்பார். சாயங்காலம், "சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு?" என்பார். "சூப்பர்ப்பா" என்பாள் மகள். அந்த ஒற்றைச் சொல்லை அவர் உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, விருது வாங்கியவர் மாதிரி அறிவிப்பார். அந்த முகத்துக்காகவே அவள் ஐந்து மாதமாகப் பொய் சொல்லிவந்தாள்.

டப்பா போய்ச் சேர்ந்த இடம் அவளுடைய தோழி ஒட்டகத்தின் வயிறு. உயரத்தால் வந்த பெயர். பிறகு கொள்ளளவாலும் பொருந்தியது. ஒட்டகத்துக்கு நாக்கு என்பது பேசுவதற்கு மட்டும். தன் முட்டை ரொட்டியைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் டப்பாவை வாங்கித் துடைத்துவைப்பாள்.

பெயர்தான் இல்லையே. 'ஒரு நாளும் இல்லை' என்பதில் டிக் போட்டாள். தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

தாளை வாங்கியதும் தன் கை செய்த முதல் காரியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்து வருடமாகப் பழகிய கை. பெயரில்லாத தாளுக்கு முட்டை மார்க் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து மிரட்டி வளர்த்த கை. மூளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வலது மூலையில் பெயர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தது.

ஒட்டகத்திடம் சொன்னாள். ஒட்டகம் சற்று யோசித்தாள். "நானும்தான்டி எழுதிட்டேன். தினமும் பத்து மணி நேரம் தூங்குறேன்னு வேற போட்டிருக்கேன்."

"நீ எங்கடி பத்து மணி நேரம் தூங்குற?"

"வகுப்புல தூங்குறதையும் சேத்துத்தான்."

மதிய இடைவேளையில் குட்டிப் பஞ்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறைக்குப் போனாள். எப்படியாவது தாளை உருவிவிட வேண்டும். அப்பா பெட்டியைத் திறந்துவைத்திருந்தார். அவளுக்கு நிஜமாகவே வயிறு வலித்தது.

ஆனால் தாள்கள் எல்லாம் மேசையில் குப்புறக் கிடந்தன. அப்பா கட்டுத் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால், நான்கைந்து தாளாக எடுத்து, குப்புறப் போட்டதால் இடது மூலையாகிவிட்ட வலது மூலையை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கியவை காலடிக் கூடையில் விழுந்தன.

"வருஷா வருஷம் இதே கதைதான்" என்றார். "வேணாம்னு சொன்னா காது கேக்குது, கை கேக்க மாட்டேங்குது. வாக்குக் குடுத்தாச்சுல்ல, பாக்கக்கூடாது."

அவள் கையில் ஒரு பஞ்சை வைத்து அனுப்பினார். கப்பல் கரை சேர்ந்தது என்று அவள் நிம்மதியாக வகுப்புக்குத் திரும்பினாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா பீன்ஸைச் சித்திரவதை செய்துகொண்டே பேச்சை எடுத்தார். அன்றுதான் அவர் பதில்களைத் தொகுத்து முடித்திருந்தார். பெயரே தெரியாதபோது சொல்வதில் பாவமில்லை என்று ஒரு முன்னுரையும் போட்டுக்கொண்டார்.

"உங்க வகுப்புல ஒரு புள்ள கொண்டுவர்ற சாப்பாட்ட ஒருநாள்கூடச் சாப்புடுறதில்லையாம். வீட்ல என்னத்தத்தான் ஆக்கிக் குடுக்குறாங்களோ, பாவம்."

மகள் வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கினாள்.

"அதே தாள்ல நாப்பத்தோராவது கேள்வி. மனசு விட்டுப் பேச யாரு இருக்காங்கன்னு. அப்பான்னு டிக் போட்டிருக்கு. எல்லாத்தையும் பேசுற புள்ளைக்கு இத மட்டும் சொல்ல வாய் வரல பாரு. அந்த ஆளு நொந்துபோயிடுவாருன்னு பாக்குது போல." கரண்டியால் பீன்ஸை இன்னொரு முறை மசித்தார். "குடுத்துவெச்ச மனுஷன். அது தெரியாம எங்க உக்காந்திருக்காரோ."

அந்த மனுஷன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஐந்து மாதமாகத் தினமும் பாராட்டு வாங்கியவருக்குச் சந்தேகம் எந்தப் பக்கமிருந்து வரும்? சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. அதற்குள் அப்பா ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டுவிட்டார். சொல் திரும்ப உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று அவளுக்கு. இன்னொன்றைக் கடைசி மேசையில் வைத்துவிட வேண்டும், பசிக்கிற பிள்ளை கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளும் என்றார் அப்பா.

எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. ஒருவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாக மூடினான். கடைசியில் ஒட்டகம்தான் இரண்டையும் முடித்தாள். காலி டப்பாவைப் பார்த்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வளர்கிற பிள்ளைக்கு ஒரு டப்பா எப்படிப் போதும் என்று அடுத்த நாள் மூன்றாக்கினார். ஒட்டகம் மூன்று டப்பாவையும் வரிசையாகப் பார்த்தாள்.

"உன் அப்பா நல்லவருடி. அதுக்காக நான் சாக முடியாது."

ஒட்டகமே கைவிட்டபின் வேறு வழியில்லை. குட்டிப் பஞ்சு மூன்று டப்பாவையும் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்குப் போனாள். அப்பா தன் டப்பாவைத் திறந்து, முதல் வாய் வைக்கப்போனார்.

"அப்பா, பன்னெண்டாவது கேள்வி நான்தாம்ப்பா."

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு மூன்று டப்பாவையும் பார்த்தார். கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். அது டப்பாவுக்கே திரும்பிப் போனது.

"அப்போ தினமும் சூப்பர்னு சொன்னது?"

"அது பேர் போட்ட பதில்ப்பா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சு சார் பழக்கதோஷத்தில் ஒரு பஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். வெளியே விளையாட்டு மைதானத்தில் யாரோ விழுந்து எழுந்தார்கள். அடிபட்ட முட்டியோடு வந்தவனிடம் பஞ்சு சார் இன்று ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னார்.

"அப்போ நாப்பத்தொண்ணாவது கேள்வி?"

"அதுவும் நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். பிறகு, தொழில் சார்ந்த குரலில், "என்ன குறையுதும்மா?" என்றார்.

"உப்புப்பா."

"வேற?"

"முதல்ல உப்பு போடுங்கப்பா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த நாள் டப்பாவை அவளே சாப்பிட்டாள். ஒட்டகம் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, பண்டமாற்று முறிந்துவிட்டதை அறிந்து, துக்கத்தோடு தன் முட்டை ரொட்டியைத் தானே தின்றாள். டப்பாவின் மூடிக்கடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கணக்கெடுப்புத் தாள் மாதிரியே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி.

'இன்றைய மதிய உணவில் உப்பு: குறைவு / சரி / அதிகம். உண்மையை எழுதவும். பெயர் எழுத வேண்டாம்.'

அவள் பேனாவை எடுத்தாள். 'அதிகம்' என்பதில் டிக் போட்டாள். அளவு புரியட்டும் என்று இன்னொரு டிக்கும் போட்டாள். பிறகு வலது மூலைக்குப் போய், பெயர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் எழுதி, அடியில் கோடு போட்டாள். இந்த முறை கையை யாரும் குறை சொல்ல முடியாது. மூளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதியது.