வேதாரண்யத்துக்கு விட்ட முறைத்தண்ணீர்

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, வேதாரண்யத்துக் கமருன்னிஸாவின் வீட்டு டிவியிலிருந்து நன்னிலத்து வாய்க்கால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். அனுப்பியவர் நன்னிலத்துப் பரணிதரன். பொழுதுபோக்காக ரேடியோ அலை அனுப்ப உரிமம் வாங்கியவர், ஹாம் என்பார்கள். தன் கையாலேயே டிரான்ஸ்மிட்டர் கட்டி, மாடியில் டிஷ்ஷை நிறுத்தி, டிஜிட்டல் டிவி படம் அனுப்ப வருடக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். படம் தெளிவாகத் தெரிகிறது என்று ஒரே ஓர் ஆள் சொல்லிவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யம். அந்த ஓர் ஆளாக வாய்த்தவர்தான் கமருன்னிஸா, அவரும் ஹாம். சினிமா அனுப்ப உரிமத்தில் இடமில்லை. அசைகிற ஏதாவது வேண்டுமே என்று பரணிதரன் கேமராவைக் கொல்லை வாய்க்கால் பக்கம் திருப்பினார். அங்கேதான் சனி பிடித்தது.

“படம் எப்படிங்க இருக்கு?” என்று ரேடியோவில் கேட்டார்.

“கணுக்கால் அளவுக்கு இருக்குங்க. அரிசி மூட்டையைக் கட்டில் மேல தூக்கி வச்சிட்டோம்.”

“ஐயோ, படம்ங்க! படம்!”

“படத்தை எங்கங்க பாக்குறது? தண்ணிதான் மறைக்குதே.”

மறுநாளே அங்கத்திய கடைமடை விவசாயிகள் கமருன்னிஸா வீட்டு வாசலிலிருந்து வயல்வரை வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். இங்கே நன்னிலத்தில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியதும் சண்டை மூண்டது. கத்தி ஓய்ந்து, செவ்வாயும் வெள்ளியும் வேதாரண்யத்து முறை என்று ஊர் கூடி முடிவு செய்தது. படத்தைப் பற்றி ஒரு பயல் கேட்கவில்லை. வெறுத்துப்போய்ப் பரணிதரன் கேமராவைத் தன் முகத்துக்கே திருப்பப் போக, மனைவி ஜெயபாரதி பிடுங்கிக்கொண்டாள். “நீங்க போயி அந்தம்மா வீட்ல விழுந்து வைக்கிறதுக்கா?” அடுத்த முறை, கெண்டை மீன் செதில் செதிலாகத் தெரிந்தது என்று கமருன்னிஸா சொன்னார். பரணிதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிவியிலா என்று கேட்டார். இல்லை, சட்டியில் என்று பதில் வந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

மார்கழிவரை முறை தவறவில்லை. தையில் கடைமடையே நிறைந்து விளைந்தது. கமருன்னிஸா தானும் ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டி, களத்து நெற்குவியலைப் படம்பிடித்து நன்னிலத்துக்கு அனுப்பினார். வரும் படத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பரணிதரன் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரை ஒருமுறை மினுங்கியது. பிறகு நெல் கொட்டியது. ஜெயபாரதி சாக்கு எடுக்கப் போனாள்.

“படம் எப்படிங்க இருக்கு?” ரேடியோவில் கமருன்னிஸாவின் குரலில் அத்தனை ஆசை.

முழங்கால் அளவு நெல்லில் நின்றபடி பரணிதரன் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

“கொஞ்சம் ஈரப்பதம் ஜாஸ்திங்க,” என்றார்.