வாய்க்காலில் கிடக்கும் தண்ணீர்

கடைசிப் பாத்திக்கு முந்தின பாத்தி பாதி நிறையும்போதே அறிவரசன் மோட்டாரை நிறுத்திவிடுவான். கிணறு மேட்டில் இருக்கிறது, வெங்காய வயல் பள்ளத்தில். நடுவில் நீளமான மண் வாய்க்கால். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் குழாய் ஒருமுறை செருமிவிட்டு அடங்கும். ஆனால் வாய்க்காலில் கிடக்கும் தண்ணீருக்கு மோட்டார் நின்றது தெரியாது. அது தன் பாட்டுக்கு இறங்கிப் போய் மீதிப் பாத்திகளை நிறைத்துவிட்டுத்தான் ஓயும். புதிதாகத் தண்ணீர் கட்டுகிறவர்கள் கடைசிப் பாத்தி நிறைந்த பிறகு கிணற்றுக்கு ஓடுவார்கள். அதற்குள் வரப்பு உடைந்திருக்கும். அறிவரசனுக்கு அப்படி ஒரு நாளும் உடைந்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, மோட்டாரை நிறுத்திவிட்டு வயலுக்கு இறங்கி வந்தவனிடம், மண்வெட்டியோடு நின்ற அவன் மனைவி வெற்றிச்செல்வி பாத்தியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தள்ளிப்போயிருக்குங்க. ரெண்டு வாரத்துக்கு மேலயே ஆவுது."

அவனுக்கு முதலில் வந்தது பயம்தான். இரண்டாவது பெண் பிறந்தபோது அவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருத்தடை ஆபரேஷன் செய்யவும் அவளுக்கு ரத்தம் போதவில்லை. அவர்கள் இருக்கும் வேப்பந்தட்டைப் பக்கத்தில் ஆபரேஷன் என்றால் அது பெண்களுக்கு என்றுதான் அர்த்தம். அறிவரசனோடு பிறந்தவர்கள் ஆறு பேர். இப்போது அவன் தெருவில் மூன்று பிள்ளைகள் உள்ள வீடு ஒன்றே ஒன்று. ஒரு தலைமுறைக்குள் நடந்த அவ்வளவு பெரிய மாற்றத்தையும் பெண்களின் வயிற்றுத் தையல்களே செய்து முடித்திருந்தன. ஆண்கள் செய்துகொண்டால் மூட்டை தூக்க முடியாது, ஏர் பிடிக்க முடியாது என்று பேச்சு. அதனால்தான் தை மாதத்தில், மோட்டாருக்குப் பேரிங் வாங்கி வருவதாக ஊரில் சொல்லிவிட்டு, பெரம்பலூரில் நடந்த முகாமுக்குப் போய் அவன் செய்துகொண்டு வந்தான். அது வெற்றிச்செல்விக்கும் ஊர் நர்ஸ் மலர்கொடிக்கும் மட்டுமே தெரியும்.

பயத்துக்குப் பின்னால் வந்ததை அவனால் பயம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. தான்தான் அடைத்துவிட்டு வந்தாயிற்றே, பிறகு எப்படி? அன்று முழுவதும் அவன் மனம் வீட்டுக்கு வந்துபோன ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தது. கேவலமாக இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. சோறு போடும்போது வெற்றிச்செல்வி அவன் முகத்தையே பார்த்தாள்.

"எதயாச்சும் கேக்கணும்னா கேட்டுடுங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது?"

மறுநாள் காலை இருவரும் துணை சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். வெற்றிச்செல்வியின் சிறுநீரில் இரண்டு சொட்டு எடுத்து ஒரு சின்ன அட்டையில் விட்டு, அதை மேசைமேல் வைத்தாள் மலர்கொடி. எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"கொஞ்ச நேரம் ஆவும். ஒரு கோடு வந்தா இல்ல. ரெண்டு வந்தா இருக்கு."

"ரெண்டு எப்புடி நர்சம்மா வரும்? நாந்தான்..." அறிவரசன் பாதியில் நிறுத்திக்கொண்டான். வெற்றிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலர்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முகாம்ல ஒரு பை குடுத்தாங்களே, நிரோத்து ஒறை போட்டு. அத என்ன பண்ண?"

"எந்தப் பை?"

"எல்லாம் முடிஞ்சதும் ஒக்கார வச்சுப் பேசியிருப்பாங்களே."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே அன்று நடந்ததைச் சொன்னான். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்தான். ஒரு நர்ஸ் வந்து பேசுவார், அதுவரை போகாதீர்கள் என்றார்கள். அப்போது வாசலில் டீக்கடை வெள்ளைச்சாமி நுழைவது தெரிந்தது. வெள்ளைச்சாமி காலையில் பார்த்ததை மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அறிவரசன் பின்பக்கமாக நழுவி, வலியோடு பஸ் பிடித்துவிட்டான்.

மலர்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அன்னைக்கு இன்னொரு ஆளும் இப்புடித்தான். ஊர்க்காரன் ஒருத்தன் பெஞ்சில ஒக்காந்துருக்கான்னு முன்கேட்டு வழியா ஓடிட்டாராம். டாக்டரு கைய கழுவிட்டு நிக்கிறாரு, ஆளக் காணோம்."

"யாரு அது?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது."

வெற்றிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். முந்தின நாளிலிருந்து அவள் முகத்தில் முதல் சிரிப்பு அது.

"நீ தண்ணி கட்டுறவந்தானே தம்பி," என்றாள் மலர்கொடி. "மோட்டார நிறுத்துனதும் வாய்க்கா காஞ்சுடுமா?"

"எப்புடிக் காயும்? கெடக்குற தண்ணி போயித்தானே ஆவணும்."

"அங்க வெட்டிக் கட்டுனது, இனிமே வரப்போறதத்தான் தடுக்கும். கட்டுன எடத்தத் தாண்டி முன்னாடியே வந்து நின்னது அப்புடியே இருக்கும்ல. அது கழிய மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் உண்டாக வாய்ப்பு இருக்கு. அதுக்குத்தான் அந்தப் பை. அப்புறமா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்து, ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் முடிஞ்சதா அர்த்தம்."

அறிவரசன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. அது போன வேகத்தில், தினமும் பொத்தானை அழுத்துகிற தனக்கு இது தோன்றவில்லையே என்ற வெட்கம் வந்தது. ஆனால் அட்டை இன்னும் மேசைமேல்தான் இருந்தது.

மலர்கொடி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இருவரும் பார்க்கும்படி நீட்டினாள்.

"ஒத்தக் கோடுதான். இவ்வளவு நாள் தள்ளியும் ஒத்தக் கோடுன்னா அநேகமா இல்ல. அடுத்த வாரம் இன்னொரு தடவ பாத்துடுவோம். ஒடம்புல ரத்தமில்லன்னாலும் இப்புடித் தள்ளிப்போவும். குடுத்த மாத்திரைய முழுங்குறியா, எருக்குழியில போடுறியா?"

"கொமட்டுது நர்சம்மா," என்றாள் வெற்றிச்செல்வி. சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அறிவரசன் வாசலில் நின்றான். பயம் விட்டுப்போனதில் அவனுக்குப் பேச வேண்டும்போல் இருந்தது. அன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வந்ததைச் சொன்னான். "செவுத்துக்குச் செவுரு ரெண்டு போதும்னு எழுதிருக்கு. எல்லாரும் ரெண்டோட நிறுத்துறாங்க. அப்புறமும் சனம் கூடிக்கிட்டேதான போவுது, ஏன் நர்சம்மா?"

மலர்கொடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படியில் இறங்கி வந்தே சொன்னாள்.

"அதுவும் வாய்க்காத் தண்ணிதான். ஒங்க அம்மா காலத்துல ஆறு, ஏழுன்னு பொறந்தவங்கதான் இப்ப கல்யாணம் கட்டிப் பெத்துக்குறாங்க. தலைக்கு ரெண்டுதான் பெத்தாலும், பெக்குறவங்க அத்தன பேர் இருக்காங்கள்ல. போய்ச் சேர வேண்டிய வயசானவங்க கம்மி. அதனால இன்னும் கொஞ்ச காலம் கூடத்தான் செய்யும். இந்தத் தலமொற கடந்து போவணும், அப்பத்தான் நிக்கும். முன்ன மேலதிகாரிங்க எங்கள மெரட்டி ஆள் புடிச்சாந்து அறுக்கச் சொன்னப்பகூட இத யாரும் சொல்லல. அவசரப்பட்டா மட்டும் வாய்க்கா காஞ்சுடுமா?"

திரும்பி வரும் வழியில் வெற்றிச்செல்வி கேட்டாள்.

"யார நெனச்சீங்க?"

அவன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

"சொல்லுங்க. சிரிச்சுட்டுப் போறேன்."

"மோட்டாருக்குக் காயில் கட்ட வந்தாருல்ல, ஆண்டவரு."

ஆண்டவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முன்பல் இரண்டும் இல்லை. வெற்றிச்செல்வி ரோட்டோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவள் சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். எட்டிப் போட்டு நடந்தும் அவனால் அவளை எட்ட முடியவில்லை.

அன்று மாலை மும்முனைக் கரண்ட் வந்தது. எப்போதும்போல, கடைசிப் பாத்திக்கு முந்தின பாத்தி பாதி நிறைந்ததும் அவன் மேட்டிலிருந்து மோட்டாரை நிறுத்தினான். குழாய் செருமிவிட்டு அடங்கியது. பள்ளத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன். கெடக்குறதுதான் வருது."

அவள் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மடையில் நின்றாள். தண்ணீர் அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு, முன்னைவிட மெதுவாக, இன்னும் வந்துகொண்டிருந்தது.