இனிப்பு ஆகாதவள்

பல் கட்டும் பட்டறையில் பெரியவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பிவைக்கும் பிளாஸ்டர் அச்சில் மெழுகை உருக்கி ஈறு பிடித்து, நிறம் பார்த்துப் பல் பொறுக்கி, வரிசையாக நட்டு மெருகேற்றிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் மென்றுகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் கட்டச் சொல்லவில்லை. அவளாகவே கட்டிக்கொண்டாள், அதோடு நிற்காமல் வீட்டில் இருந்த மற்ற வாய்களையும் சேர்த்துக் கட்டப் பார்த்தாள்.

அவள் கணவனும் அவன் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அடுப்பு ஒன்று, ஃப்ரிட்ஜ் ஒன்று, ஒழுகுகிற கூரையும் ஒன்று. மழை வந்தால் நடையில் வாளி வைத்துவிட்டு, அது நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும். அதனால் பெரியவள் ஒரு சட்டம் போட்டாள். ஓடு மாற்றி முடிகிறவரை கடையில் வாங்கித் தின்பது கிடையாது. அண்ணன் தலையாட்டினான், தம்பியும் தலையாட்டினான். அந்த வீட்டு ஆண்களுக்குத் தலையாட்டுவது நன்றாக வரும்.

பிறகு தம்பிக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். காலரில் எப்போதும் யாருடைய முடியாவது ஒட்டியிருக்கும், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். வந்த பிறகு வாங்கிய முதல் சம்பளத்தன்றே பேக்கரி அட்டைப்பெட்டியும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தாள். ஆளுக்கொரு துண்டு கிரீம் கேக். மேஜையில் பெட்டியை விரித்து வைத்து, நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து, விரல் விரலாக நக்கி நக்கித் தின்றாள். பெரியவள் சட்டத்தை எடுத்துச் சொன்னபோது, கூரைக்கு உண்டானதை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டதாகவும், இது முடி வெட்டிக்கொண்டவர்கள் சந்தோஷமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போனது என்றும் சொன்னாள். தலையில் கிடைத்ததை வாய்க்குக் கொடுக்கிறேன் என்று ஒரு ஜோக் வேறு. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்ததோடு விடாமல் அட்டையில் ஒட்டியிருந்த கிரீமையும் வழித்துத் தின்றான்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பெட்டியில் அவள் பங்குத் துண்டு மட்டும் மிச்சம் இருந்தது. சின்னவள் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி, எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு பெரியவள் விறைப்பாக நின்றாள்.

"எனக்கு இனிப்பு ஆகாது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிடிக்காது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்து விழுந்தது ஆகாது. ஒரு கௌரவத்துக்காகச் சொன்னது, பிறகு திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. இரண்டு வருஷமாகச் சம்பளத்துக்குச் சம்பளம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பங்கை அவள் கணவன் தின்றுகொண்டிருந்தான். டீயை அவள் இரண்டு கரண்டி சர்க்கரையோடு குடிப்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. டீ இனிப்பில் சேராது என்று அவள் தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பெரியவளும் தின்றுகொண்டுதான் இருந்தாள்.

பட்டறைக்குப் போகும் வழியில் கண்ணாடிக் கதவு போட்ட சாக்லேட் கடை ஒன்று இருந்தது. உள்ளே கொட்டைப் பருப்பு வைத்து, தங்க நிறக் காகிதம் சுற்றி, எடை போட்டு விற்பார்கள். மாசம் ஒரு தடவை நாலே நாலு வாங்குவாள். பட்டறை முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய ஊசி மருந்து வந்த வெள்ளைப் பெட்டி ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்து வந்திருந்தாள். சாக்லேட் அதற்குள் போய், பெட்டி ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் போய்விடும். கணவன் ஒரு தடவை அது என்ன என்று கேட்டான். மருந்து என்றாள். ஏதோ பெண்கள் சமாசாரம் என்று நினைத்து அவன் காது வரைக்கும் சிவந்துபோய் அடுப்படியை விட்டே வெளியேறினான்.

அடுப்படியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை அதற்குள் விட்டு, நின்றபடியே பாதிப் பாதியாகக் கடித்துத் தின்பாள். தொண்டையில் இறங்குவதற்குள் கூரை நினைவுக்கு வந்துவிடும். இதற்கு இரண்டு ஓடு வாங்கியிருக்கலாமே என்று நெஞ்சு குத்தும். நாக்கு ருசியைப் பிடிப்பதற்கு முன்பே சாக்லேட் தீர்ந்துபோகும். வாயைக் கொப்பளித்து, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அது மறுநாள் பட்டறைக் குப்பையில் போய் விழும்.

அதனால்தான் சின்னவளைக் கண்டால் அவளுக்கு அப்படி எரிந்தது. கேக்கைப் பார்த்து வந்த பொறாமை இல்லை அது. அந்த மடித்த காலைப் பார்த்து வந்தது, அந்த நக்கிய விரலைப் பார்த்து வந்தது. அதே வீடு, அதே ஒழுகல், அதே வாளி. இவளுக்கு மட்டும் எப்படி எதுவுமே குத்துவதில்லை? மனசாட்சியைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாளா?

அப்படி இருக்கையில் ஒரு சம்பள நாளில் சின்னவள் வெறுங்கையோடு வந்தாள். அண்ணன் அவள் பையை இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியவளுக்கு முதலில் வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. கடைசியில் சட்டம் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டில் ஒரு பிடி கூடப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சின்னவள் போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை. மறந்திருப்பாள் என்று விட்டாள். அதற்கடுத்த நாளும் இல்லை. என்னவென்று கேட்டால் இனிப்புக்கு அலைகிற மாதிரி ஆகிவிடும். முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் அங்கே ஒரு டீ குடித்தாள். சின்னவளும் அவள் புருஷனும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுவதும், இவள் தலை தெரிந்ததும் நிறுத்துவதும் வேறு ஆரம்பித்தது. அடுத்த சம்பளத்துக்கும் கேக் வரவில்லை. ஆனால் சின்னவள் உடுப்பில் வெனிலா வாசனை வந்தது. பல்லின் நிறத்தில் அரை மாற்றுக் கண்டுபிடிக்கிறவளுக்கு இதைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

ஆக, வெளியிலேயே தின்றுவிட்டு வருகிறார்கள். இரண்டு பேரும் ஜோடியாக உட்கார்ந்து, தட்டில் வைத்து, கரண்டியால் எடுத்துத் தின்கிறார்கள். இவளுக்கு டீயில் சர்க்கரைகூடக் கிடையாது. வாயைத் தனியாகப் பிரித்துக்கொண்டவர்களுக்கு அடுப்பைப் பிரிக்க எத்தனை நாள் ஆகும்? இன்றைக்குக் கேக், நாளைக்குத் தனி வீடு. அப்புறம் ஓடு மாற்றுவது எங்கே, இருக்கிற வாளியோடு சாக வேண்டியதுதான். மெழுகு உருக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. ஒரு நாள் கீழ்வரிசைப் பற்களைக் கொண்டுபோய் மேல்வரிசையில் நட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிய துண்டு இப்போது கனவில் வந்தது.

அடுத்த சம்பள நாளில், தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாகக் கிளம்பி, பேக்கரிக்கு எதிரே செருப்புக் கடை ஓரமாக நின்றாள். என்ன கேட்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். சின்னவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். சின்னக் காகிதப் பை ஒன்றை வாங்கிக்கொண்டாள். உள்ளே மேஜை காலியாக இருந்தும் உட்காரவில்லை. வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேக்கரிச் சுவரை ஒட்டிக் காலி எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த சந்துக்குள் போனாள்.

பெரியவள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குனிந்து, அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். விரலை நக்கவில்லை. மெல்லக்கூட இல்லை, விழுங்கினாள். அந்த முதுகைப் பெரியவளுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கும்போது தன் முதுகு அப்படித்தான் இருக்கும்.

வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்வியெல்லாம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் வந்த கோபத்துக்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று, "யாருக்குத் தெரியாம இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாள்.

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். உதட்டில் கிரீம். மிச்சத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இங்க வந்து தின்னேன்."

"எனக்குத் தெரியக்கூடாதா? ஏன்?"

"ஃப்ரிட்ஜைத் தொடைக்கும்போது உங்க மருந்துப் பெட்டியப் பார்த்தேன். எங்க கடைக்கு வர்ற ஒரு அம்மாவும் அதே ஊசிதான் போட்டுக்கறாங்க. நான் வந்த நாள்லேந்து இனிப்பு ஆகாதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. மரமண்டை, எனக்குத்தான் புரியல. சர்க்கரை இருக்கிறவங்க மூஞ்சிக்கு எதிர்ல ரெண்டு வருஷமா கேக்கத் தின்னுருக்கேன். எடுத்துக்கோங்கன்னு நீட்டியும் இருக்கேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வீட்டுக்குக் கொண்டுவர மனசு வரல. விடவும் முடியல. இங்க வந்து நின்னா தொண்டைல இறங்கவும் மாட்டேங்குதுக்கா."

சர்க்கரை போடாத டீ, குசுகுசு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பெரியவள் கன்னத்தில் அறைந்தது. அந்த நேரத்திலும் பாழாய்ப்போன பொறாமை அவளை விடவில்லை. இவள் நெஞ்சு குத்துவதுகூட இன்னொருத்திக்காகக் குத்துகிறது. என் நெஞ்சு குத்தியதெல்லாம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதானே? ஓடு, கூரை என்பதெல்லாம் வெறும் சாக்குத்தானே? தின்பதில்தான் தோற்றோம் என்றால், தின்றுவிட்டு வருந்துவதிலும் தோற்றுவிட்டோமே என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

சின்னவள் அதை வியாதிக்கார அழுகை என்று எடுத்துக்கொண்டாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கச் சொன்னாள். வழியெல்லாம் ஆறுதல். செருப்பில்லாமல் நடக்கக் கூடாதாம், காலில் காயம் படக் கூடாதாம். வீட்டுத் தெரு முனை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர்கிட்டயும் பேசிட்டேன். கூரை கெடக்கட்டும், வாளி இருக்குல்ல. சேர்த்து வெச்சத எடுத்து நல்ல டாக்டராப் பாப்போம். நாளைக்கு மாமாகிட்ட நாங்களே சொல்றோம். நீங்க இனிமே தனியா மறைச்சு வெச்சு ஊசி போட்டுக்க வேணாம்."

பெரியவள் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் இருந்தால் போதும், தியாகி பட்டத்தோடு வியாதிக்காரி பட்டமும் சேர்ந்து கிடைக்கும். உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். ஆனால் சேர்த்த கூரை ஒரு டாக்டர் மேஜையில் போய் விழும், இந்தப் பெண் சாகும்வரை சந்தில் நின்று தின்பாள். உண்மையைச் சொன்னாலோ, இத்தனை நாள் கட்டிக் காத்த பெயர் சாக்லேட் காகிதத்தோடு குப்பைக்குப் போய்விடும்.

வீட்டில் ஆண்கள் இன்னும் வரவில்லை. பெரியவள் நேராக அடுப்படிக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து வெண்ணெயை நகர்த்தி, வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து, மேஜையில் சின்னவள் முன்னால் வைத்தாள்.

"திற."

"மருந்தை நான் எதுக்குக்கா..."

"திறடி."

சின்னவள் திறந்தாள். முந்தின நாள் வாங்கி வைத்த நாலும் தங்க நிறத்தில் மின்னின. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், ஊசி எதுவும் விழவில்லை. பிறகு பெரியவளை நிமிர்ந்து பார்த்த முகத்தில், இரண்டு வருஷமாக ஒட்டியிருந்த சிரிப்பைக் காணோம்.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை மடித்து உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தைப் பிரித்தாள், வாயில் போட்டாள், கண்ணை மூடி மென்றாள். விரலை நக்கினாள். இரண்டாவதைப் பிரித்தாள். பெரியவள் கை கட்டி நின்றுகொண்டிருந்தாள். திட்டு வரும், அழுகை வரும், பெட்டி பறக்கும் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். சின்னவள் மூன்றாவதைப் பிரித்தாள். அவள் கடிக்கும்போது கொட்டைப் பருப்பு உடையும் சத்தம் கேட்டது. அதற்குள் அப்படி ஒரு சத்தம் இருப்பதே பெரியவளுக்கு இத்தனை நாள் தெரியாது. வயிறு பழையபடி எரிந்தது.

நாலாவது காகிதம் பாதி பிரிந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கும் கொஞ்சம் குடு."

அந்த வீட்டில் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னவள் சாக்லேட்டைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் இனிப்பு ஆகாதே."

நடையில் வாளி காலியாகக் கிடந்தது. பெரியவள் எதிர் நாற்காலியை இழுத்து, மெதுவாக உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"ஆகும்" என்றாள்.