பஷீருதீன் பாயின் காலுக்குத் தம்

1

இந்தக் கதை பசியில் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியில் பிரியாணி வாங்க நின்றபோது, மாஸ்டர் பஷீருதீன் பாய் காலில் பெரிய கட்டுடன் ஸ்டூலில் உட்கார்ந்து அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். என் பார்சல் ஆறும்வரை சொன்னார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எலும்பின் ஆழ்ந்த மௌனத்தில் கிருமிகள்...’

(வேண்டாம். பூந்தமல்லிப் பக்கம் மௌனம் ஏது?)

2

நேராகச் சொல்கிறேன். பைக்கில் விழுந்து உடைந்த கால் எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். கம்பியோடு கிருமியும் குடியேறிவிட்டது. டாக்டர் ஃபெபி கம்பியை எடுத்து, எலும்பிலிருந்த குழியில் சின்னச் சின்ன மணிகளை வைத்துத் தைத்தார். மணிக்குள் இருக்கும் ஆன்டிபயாடிக் அங்கேயே மெல்லக் கரைந்து கிருமியைக் கொல்லுமா என்று பார்க்கும் பரிசோதனை இது. சிலருக்கு மருந்துள்ள மணி, சிலருக்கு வெறும் மணி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. (ஊசியும் மாத்திரையும் எல்லோருக்கும் உண்டு. ஃபெபி இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.)

இந்த முறையும் சீழ் வைத்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும்.

“நின்னுகினுதான் தம் போட முடியும் நைனா,” என்றார் பாய். “கால் போச்சுன்னா, இன்னொருத்தன் என் அண்டாவக் கிண்டறத உக்காந்துகினு பாக்கணும்.”

3

ஃபெபியைக் கண்டிப்பானவராக எழுதியிருந்தேன். நேரில் பார்த்தால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

கட்டைப் பிரித்துப் பார்க்க வரச்சொன்ன நாளில் பாய் போகவில்லை. ஃபெபி போன் செய்தபோது, “தம்முல கீது டாக்டர். பாதில தொறந்தா ஆவி பூடும்,” என்றாராம்.*

அவர் மனைவி ஜஹானாரா விடவில்லை. “இன்னாங்க, கால் இன்னா அண்டாவா? கெளம்புங்க!” என்று ஆட்டோவில் ஏற்றினார். துணைக்கு என்னையும்.

* மூடிமேல் தணல் கொட்டிவிட்டால், கடை முதலாளியே வந்தாலும் பாய் திறக்க விடமாட்டார்.

4

முடிவுக்கு இரண்டு வரைவுகள்.

அ. புண் காய்ந்திருக்கிறது. பாய் எழுந்து நடக்கிறார். ஊருக்கே பிரியாணி. (ரொம்ப சினிமா.)

ஆ. கட்டுக்கு அடியில் சீழ்...

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவிலேயே பாய் மிரட்டியும் வைத்திருந்தார்: “கதைல என் கால எடுத்தேன்னு வெச்சுக்கோ, இனிமே உனக்குக் குஸ்காதான்.” துண்டே இல்லாத வெறும் சோறு! யோசித்துப் பாருங்கள்.)

5

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஃபெபியின் அறையில் பாய் குனிந்து கட்டை முகர்ந்தார்.

“வாசன சரியாத்தான் கீது.”

“வாசனைய வெச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாது பாய்,” என்று சிரித்தார் ஃபெபி. “பிரிச்சாத்தான் தெரியும்.”

பாய் சிரிக்கவில்லை. ஜஹானாராவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தம், ஆவி எல்லாம் சாக்கு. மனிதர் பயந்துபோயிருந்தார்.

“நான் இங்கதான கீறேன்,” என்றார் ஜஹானாரா.

பாய் கண்ணை மூடினார். “பிஸ்மில்லா. தொறங்க டாக்டர்.”

ஃபெபி கத்தரியை எடுத்தார்.

நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். கத்தரி இப்போது உங்கள் கையில். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். காலை மட்டும் எடுத்துவிட்டால், குமணன்சாவடியில் இனி குஸ்கா உங்களுக்குத்தான்.