குறுக்கே படுத்த பிள்ளை

எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தேய்த்ததுமே செதுக்கி முடித்த பலகையில் ரேகை பளிச்சென்று எழுந்தது. இருளப்பசாமி குனிந்து உற்றுப் பார்த்தார். கோபுரம் கோபுரமாக ஓடிய ரேகைகளின், மர நுனியைக் காட்டும் கூர்முனை அத்தனையும் கீழே பார்த்தன.

மரம் தலைகீழ்!

ராஜபாளையத்தில் கைதேர்ந்த தச்சர் எவரும் செய்யாத தப்பு. தூண், நிலை என்று நிற்கிற மரத்துக்கு அடிப்பக்கம் கீழே, நுனி மேலே. மாறினால் அந்த வீட்டில் குடும்பம் நிலைக்காது என்று உறுதியாக நம்புகிறவர் அவர். வேலை தொடங்குமுன் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிடுவார். இந்த முறை கதை கேட்ட மயக்கத்தில் மறந்தே போனார்.

கதை சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர் நைனா முகமது. பள்ளிக்கூடத்துச் சேக்காளி, கப்பலில் சமையல்காரர். அவருடைய நார்வே நாட்டுக் கேப்டன் நியூசிலாந்து மாவோரிப் பெண்ணைக் கட்டப் போகிறார். கல்யாணப் பரிசாக இரண்டு ஊர்க் கதையும் ஒரே பலகையில் வேண்டுமாம்.

பெண் ஊரில், ஆதியில் வானத்தகப்பனும் பூமித்தாயும் இறுகக் கட்டிக்கொண்டு கிடந்தார்களாம். நடுவில் பிள்ளைகளுக்கு ஒரே இருட்டு. ஒரு பிள்ளை தாய்மேல் தலையை ஊன்றி, தகப்பனைக் காலால் உதைத்து மேலே தள்ளினானாம். பிரிந்த தகப்பனின் கண்ணீர்தான் மழை. மாப்பிள்ளை ஊரிலோ, கடற்கரையில் ஒதுங்கிய இரண்டு மரக்கட்டைகளுக்குத் தெய்வங்கள் மூச்சும் புத்தியும் கொடுத்து, முதல் ஆணையும் பெண்ணையும் ஆக்கினவாம்.

இருளப்பசாமி இரண்டையும் கலந்துவிட்டார். உச்சியில் தகப்பன், அடியில் தாய். இடுப்புக்குக் கீழே இருவரும் வெறும் கட்டை. நடுவில் உதைக்கிற பிள்ளை.

நைனா பையும் கையுமாக வந்து நின்றார்.

"ஏலே இருளா, பொதிஞ்சு குடு. நாளைக்குத் தூத்துக்குடியில கப்பல் ஏறணும்."

"தர மாட்டேம்லே. மரம் தலைகீழா நிக்குது."

"அது அவியளுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்லா? புதுசாக் குடும்பம் நடத்தப் போறவியளுக்கு என் கையால கேடு வரணுமா?"

"அப்போ நான் வெறுங்கையோட போயி, கல்யாணத்துக்கு ரசம் வச்சிருக்கேன் சாருன்னு நிக்கவா?"

காபி கொண்டுவந்த மனைவி வெள்ளைத்தாய் வேலைமேசைக்குப் பக்கவாட்டில் நின்று பலகையைப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள்.

"இதென்னங்க, நம்ம வீட்டையே செதுக்கி வச்சிருக்கீய?"

"என்னட்டி சொல்லுத?"

"இங்கன வந்து பாருங்க. நீங்க ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். நடுவுல நம்ம பிள்ளை சண்முகத்தாய் குறுக்க படுத்து, தலைய எம்மேல வச்சு ஒங்கள ஒதைக்கா. நேத்துகூடப் பாயை விட்டு உருண்டு போனீயள்லா?"

நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இருளப்பசாமி சுற்றிப் போய் மனைவி பக்கத்தில் நின்றார். அங்கிருந்து பார்க்க, நிற்கிற மரம் படுத்துக் கிடந்தது, உத்திரம் மாதிரி. படுத்த மரத்துக்கு எது தலை, எது கால்? கரை ஒதுங்கிய கட்டைகளும் இப்படித்தானே கிடந்திருக்கும்! மேலும் கீழுமாகப் பிரிந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் இப்போது அக்கம்பக்கம். வானத்தகப்பன் நீட்டிய கை, பிள்ளையைத் தாண்டித் தாயின் தோளைத் தொடப் போவது போல இருந்தது.

தொங்கவிடும் வளையங்களைக் கழற்றி நீளவாட்டு விளிம்பில் முடுக்கினார்.

"படுக்கைவாக்குலதான் மாட்டணும்னு கேப்டன்கிட்ட சொல்லிருலே."

"சொல்லுதேன். பிள்ளை பொறந்தா பாயைப் பெருசா வாங்கச் சொல்லியும் சொல்லுதேன்."

"எம்புட்டுப் பெருசா வாங்கினாலும் இவிய தரையிலதான் அண்ணாச்சி கெடப்பாவ" என்றாள் வெள்ளைத்தாய்.

இருளப்பசாமி பலகையைத் துணியில் பொதிந்து நைனாவிடம் கொடுத்தார். காபியை வாங்கிக்கொண்டார்.